கீரைக்குப் பாயும் நீரில் கிருமி: வைரஸ் சோதனை உதவுமா?

கேள்வி: ஓடையோரக் கிணற்றிலிருந்து இறைத்து அரைக்கீரையும் சிறுகீரையும் பயிரிடுகிறேன். பசுஞ்சாணத்தைக் கரைத்துப் பாசன நீரோடு விடுவது வழக்கம். கீரை எடுக்கும் அங்காடியினர், குடலிலும் சாணத்திலும் இருக்கும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்கான சோதனை முடிவு கேட்கிறார்கள். மரபணு மாற்றிய வைரஸை வைத்துக் கிருமியையும் நச்சையும் கண்டுபிடிக்கிறார்களாம். அந்த வைரஸ் பயிருக்கோ மாட்டுக்கோ தொற்றாதா? நானே அந்தச் சோதனையைச் செய்ய முடியுமா?

பதில்: வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் பரவி ஒரு பருவமே பாழானதைக் கண்டவர்களுக்கு, வைரஸ் என்றாலே வயிறு கலங்கும். ஆனால் இது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். பாக்டீரியோபேஜ், சுருக்கமாகப் பேஜ் என்பார்கள். கீரையிலோ மாட்டிலோ மனிதரிலோ இது பெருக வழியில்லை. உங்கள் ஓடையிலும் சாணத்திலும் இயற்கையான பேஜ்கள் ஏற்கெனவே கணக்கின்றி இருக்கின்றன. மாற்றியமைத்த பேஜ் வயலுக்கு வருவதே இல்லை. நீர் மாதிரிதான் ஆய்வகத்துக்குப் போகிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், டி7 என்ற பேஜுக்குள் ஆழ்கடல் இறால் ஒன்றின் ஒளிரும் நொதியிலிருந்து உருவாக்கிய மரபணுவைச் சேர்த்தார்கள். இந்த பேஜ் ஈ.கோலிக்குள் புகுந்தால், அந்த நொதியையும் அங்கேயே தயாரிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் செல் உடைந்து நொதி வெளியே கொட்டுகிறது. நீரை வடிகட்டும் தாளின் செல்லுலோஸைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத் துண்டையும் நொதியோடு பிணைத்திருப்பதால், அது தாளிலேயே தங்குகிறது. அதற்குரிய வேதிப்பொருளைச் சேர்த்ததும் ஒளி தெரியும்.

செத்த கிருமிக்குள் பேஜ் பெருகாது. ஆகவே ஒளி தெரிந்தால் உயிருள்ள கிருமி இருக்கிறது என்றே பொருள். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செத்ததையும் சேர்த்துக் காட்டக்கூடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். பேஜ் முறையில் சில மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. விடியலில் பறித்ததை அன்றே விற்றாக வேண்டிய கீரைத் தொழிலுக்கு இது பெரிய வரம். ஒரு குறை உண்டு: ஒரு பேஜ் எல்லாக் கிருமியையும் பிடிக்காது. சால்மோனெல்லா என்ற இன்னொரு கிருமிக்கு வேறு பேஜ் தேவை.

நச்சுக்கு உயிரில்லை, அதற்குள் வைரஸ் பெருக முடியாது. எனவே எம்13 போன்ற பேஜின் மேலுறையில், நச்சை அடையாளம் காண உதவும் புரதத் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். நிலக்கடலையில் பூஞ்சையால் வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சுக்கு இவ்வகை ஆய்வுகள் நடந்துள்ளன. இந்த நுட்பத்துக்கு அடிப்படை அமைத்த ஜார்ஜ் ஸ்மித்துக்கு 2018-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இது உரக்கடையில் வாங்கி வீட்டில் செய்யும் சோதனை இல்லை. இப்போதைக்கு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் விசாரித்து, ஈ.கோலி சேர்ந்த கிருமிக் கூட்டத்தைத் தேடும் கோலிஃபார்ம் சோதனை செய்யுங்கள். அங்காடியினர் கீரையையே சோதிக்கச் சொன்னால் அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்தை அணுகுங்கள்.

எந்தச் சோதனையை விடவும் எனக்குக் கவலை தருவது உங்கள் சாணக் கரைசல்தான். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, உண்ணும் பாகம் மண்ணில் படும் பயிருக்குப் பச்சைச் சாணம் இட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். சிறுகீரையோ ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். இந்தக் கணக்குக்கு அதில் இடமே இல்லை. கரைசலை இன்றே நிறுத்துங்கள். நன்றாகச் சூடேறி மக்கிய எருவை மட்டும் அடியுரமாக இடுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொரு இடம் கழுவும் தொட்டி. பாத்தியில் சுத்தமாக இருந்த கீரைக்கட்டை ஓடை நீரில் முக்கி எடுத்தால் முயற்சியெல்லாம் வீண். ஆகவே பாசனக் குழாய் வாயில் ஒரு மாதிரி, கழுவும் தொட்டியில் ஒரு மாதிரி என இரண்டு எடுங்கள். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை அலசாதீர்கள், மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். ஓடையில் புதுவெள்ளம் வந்ததும் மறுபடி ஒரு முறை சோதியுங்கள். கிருமி அதிகம் சேருவது அப்போதுதான்.