இசைக்கணினி கேள்வி–பதில்: வேவ்டேபிளுக்குள் கொடை மேளம்

கேள்வி: எங்கள் ஊர் கோயில் கொடையில் பதிவு செய்த நாதஸ்வரத்தை வைட்டல் என்ற சிந்தசைசர் ப்ளக்-இன்னில் வேவ்டேபிளாக ஏற்றினேன். கீபோர்டைத் தொட்டால் கீச்சென்று மேலே ஓர் ஒலியும் அடியில் ஒரே கரகரப்பும்தான் வருகிறது. பதிவில் குறையா, ப்ளக்-இன்னில் குறையா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டிலும் இல்லை. வெட்டிய விதத்தில்தான் கோளாறு. வேவ்டேபிள் என்பது ஒலியலையின் சிறு துண்டுகளை (ஃப்ரேம்) வரிசையாக அடுக்கியது; ப்ளக்-இன் அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி ஒலி எழுப்பும். வைட்டல், அதைப் போன்ற சீரம் இரண்டிலும் ஒரு ஃப்ரேம் 2048 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி) நீளம். அந்த நீளத்துக்குள் ஒலியலையின் ஒரே ஒரு சுற்றுதான் இருக்க வேண்டும். 2 கட்டை ஸட்ஜம் (மேற்கத்திய D) ஏறத்தாழ 293.7 ஹெர்ட்ஸ், விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற ரேட்டில் அதன் ஒரு சுற்று சுமார் 150 சாம்பிள்தான். சுருதி பார்க்காமல் வெட்டினால் ஒரு ஃப்ரேமுக்குள் 13.6 சுற்று அடைந்துவிடும். ப்ளக்-இன் அத்தனையையும் ஒரே சுற்றாக எடுத்துக்கொண்டு வாசிக்கிறது. அதனால் நாதஸ்வரத்தின் ஆதார ஒலி, நீங்கள் தொட்ட ஸ்வரத்தைப் போல 13 மடங்குக்கும் மேலே ஏறிக் கீச்சிடுகிறது. மிச்சமுள்ள அரைகுறைச் சுற்று ஃப்ரேமின் முனையில் ஒட்டாமல் முறிகிறது, அதுதான் கரகரப்பு.

முதலில், பதிவில் தவிலும், சுருதிக்கென ஊதும் ஒத்தும் கலக்காத இடமாகப் பாருங்கள். சுருதிப்பெட்டி பின்னால் ஓடினாலே ப்ளக்-இன் எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று தடுமாறும். கொடைப் பதிவில் அப்படி ஓர் இடம் கிடைப்பது அபூர்வம். கலைஞரிடம் கேட்டு, தனியாக ஸ, ப, மேல் ஸ மூன்றையும் கமகமில்லாமல் மூன்று மூன்று விநாடி ஊதிப் பதிவு செய்துகொள்வதே நல்லது. மைக்கை அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) நேர் எதிரே வைக்காமல், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் உச்சம் நறுக்கப்பட்டு, அந்தச் சிதைவும் வேவ்டேபிளில் ஏறிவிடும்.

மோனோ கோப்பாக்கி ஆஸிலேட்டர் (ஒலியலையை எழுப்பும் பகுதி) மேல் இழுத்துப் போடும்போது வரும் தேர்வுகளில் சுருதி பார்த்து வெட்டும் 'பிட்ச் ஸ்ப்ளைஸ்' எடுங்கள். வெறும் 'வேவ்டேபிள்' என்பது ஏற்கெனவே 2048 கணக்கில் தயாரான கோப்புக்கு மட்டும். அதற்கென்றே தயாரிப்பதானால், ஸ்வரத்தை 21.53 ஹெர்ட்ஸுக்கு (44,100-ஐ 2048-ஆல் வகுத்தால் வருவது) வேகம் குறைத்து இறக்கிவிட்டு வெட்ட வேண்டும்.

ஃப்ரேம்களை அள்ளிப் போட வேண்டாம். 8 முதல் 16 வரை போதும். மெதுவாக ஊதியதிலிருந்து அழுத்தி ஊதியது வரை வரிசையாக வையுங்கள். ஃப்ரேம்களின் ஆதார ஒலியின் ஃபேஸ் (அலை தொடங்கும் நிலை) ஒன்றுக்கொன்று மாறியிருந்தால், ஃப்ரேம் விட்டு ஃப்ரேம் நகரும்போது ஒலி நடுவில் சூம்பிப் போகும். ஃபேஸைச் சமன் செய்தபின் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

அப்படியும் ஒலி பொம்மைபோல இருந்தால் காரணம் சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் முனை) மூச்சு. சுற்றுக்குள் மூச்சு அடங்காது. சாம்பிள் பகுதியில் வெள்ளை இரைச்சலைப் போட்டு, குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டரில் விட்டு, 60 மில்லி விநாடியில் அடங்கும்படி மிகக் குறைந்த அளவில் சேருங்கள். ஒரு வேவ்டேபிளை ஐந்தாறு ஸ்வரங்களுக்கு மேல் நீட்டவும் கூடாது. நாதஸ்வரக் குழலின் இயல்பான அதிர்வுகள் ஸ்வரத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை. வேவ்டேபிளிலோ எல்லாம் சேர்ந்தே ஏறிவிடும். ஸ, ப, மேல் ஸ என்று மூன்றாகப் பதியச் சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: வில்லுப்பாட்டின் வில் மணியையும் குடத்தையும் இதேபோல் ஏற்றலாமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் ஆதார ஒலியின் 2, 3, 4 என்று முழு மடங்குகள் மட்டுமே அதில் நிற்கும். மணியின் ஒலிகள் அந்த மடங்குகளில் அமைவதில்லை. ஏற்றினால் மணி செத்துப்போய் ஆர்கன் சத்தம் மிஞ்சும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைப் போன்ற கல்லொலிக்கும் இதே கதிதான். இவற்றுக்கு, பதிவை அப்படியே ஒலிக்கும் சாம்ப்ளரே சரி. குடத்தில் மட்டும் ஒரு வழி உண்டு: அடி விழும் முதல் 30 மில்லி விநாடியைச் சாம்பிளாக வைத்து, அடியிலுள்ள 'தும்' என்ற கார்வைக்கு வேவ்டேபிளைத் துணை சேர்க்கலாம். அந்த ஆஸிலேட்டரின் ஃபேஸ் ராண்டமைப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு கனத்தில் விழும்.

கேள்வி: பிட்ச் வீலில் கமகம் பிடித்தால் படிப்படியாகத் தாவுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், தென்காசி

பதில்: பெண்ட் அளவை (வீல் ஸ்வரத்தை வளைக்கும் எல்லை) 12 அரைச்சுரம் வைத்திருப்பீர்கள். மிடியின் (கீபோர்டும் கணினியும் பேசும் முறை) பிட்ச் பெண்டில் 16,384 நிலைகள் உண்டு. ஆனால் சில கீபோர்டுகள் 128 நிலைகளை மட்டுமே அனுப்பும். மேலும் கீழும் சேர்த்து 24 அரைச்சுரத்தை 128-ஆகப் பிரித்தால் ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட்). காது அதைப் பிடித்துவிடும். பெண்டை 3-ஆகக் குறையுங்கள், படி 5 சென்டுக்குள் வந்துவிடும். பெரிய ஜாருவுக்கு (ஸ்வரம் விட்டு ஸ்வரம் வழுக்குவது) வீலை நம்பாமல், வாய்ஸை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்கள்) 1 ஆக்கி, ஸ்வரங்களை விடாமல் சேர்க்கும் லெகாட்டோவைப் போட்டு, கிளைடை (வழுக்கும் நேரம்) 50 முதல் 80 மில்லி விநாடிக்குள் வைத்து விரலாலேயே இழுங்கள்.

கேள்வி: பழைய லேப்டாப். மூன்று டிராக் போட்டதுமே படபடவென்று வெடிக்கிறது.
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: யூனிசனை (ஒரே ஸ்வரத்தில் அடுக்கும் பிரதிகள்) பாருங்கள். 2 ஆஸிலேட்டர், தலா 7 யூனிசன், 8 வாய்ஸ் என்றால் ஒரே நேரத்தில் 112 அலைகளைக் கணினி இழுக்க வேண்டும். யூனிசனை 3 ஆக்கினால் 48. ஓவர்சாம்ப்ளிங்கை (ஒலியை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடுவது) 1 மடங்கில் வைத்து இசையமைத்து, கடைசியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது 4 ஆக்குங்கள். வாசித்துப் பதியும்போது பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் சாம்பிள்கள்) 128, மிக்ஸிங்கில் 512. அப்போது வரும் 11.6 மில்லி விநாடித் தாமதம் மிக்ஸிங்குக்குத் தடையில்லை. முடிந்த டிராக்குகளை ஆடியோவாக மாற்றிவிட்டு ப்ளக்-இன்னை அணைத்து வையுங்கள்.