கேமரா வருவதற்கு முன் வாழ்ந்த சாதாரண மனிதர்களின் உண்மையான முகத்தை இன்று பார்க்க முடியுமா?

முடியும். கிட்டத்தட்ட 2,000 வருடம் பின்னால் போயே பார்க்கலாம்.

எகிப்தில் கெய்ரோவுக்குத் தென்மேற்கே ஃபயூம் என்றொரு வட்டாரம் இருக்கிறது. ரோமர் ஆட்சியில், கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, அங்கே இறந்தவரின் உடலைப் பதப்படுத்தித் துணி சுற்றும்போது, அவர் முகத்தை மெல்லிய மரப்பலகையில் வரைந்து, முகம் இருக்கும் இடத்திலேயே வைத்துக் கட்டினார்கள். அப்படி ஏறக்குறைய 900 படங்கள் மிஞ்சியிருக்கின்றன. எகிப்தின் வறண்ட மணல்தான் காப்பாற்றிக் கொடுத்தது. அதே காலத்தில் ரோமிலும் கிரேக்கத்திலும் பலகையில் வரைந்தவை அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன.

நீங்கள் கேட்ட 'சாதாரண' என்பதை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஓவியருக்குக் கூலி கொடுக்க முடிந்த வசதியான குடும்பங்கள்தான் இவர்கள். ஆனால் அரசர்கள் இல்லை. எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் வராத ஊர்க்காரர்கள்.

நானும் முகம் வரைந்து பழகுகிறவன் என்பதால் இவற்றின் கைவேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறந்த படங்கள் பலவும் தேன்மெழுகில் செய்தவை. மெழுகை உருக்கி நிறப்பொடியைக் கலந்து, இறுகுவதற்குள் தூரிகையாலும் உலோகக் கருவியாலும் இழுக்க வேண்டும். அருங்காட்சியகங்கள் இணையத்தில் தரும் பெரிய படங்களில் கன்னத்தைப் பாருங்கள்: எலும்பின் வளைவோடு கூடவே வளைந்து போகும் இழுப்புகள் தனித்தனியாகத் தெரியும். மூக்கின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், கருவிழியில் ஒரு வெள்ளைப் பொட்டு. தோலுக்குப் பெரும்பாலும் செங்காவி, மஞ்சள் காவி, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான். ஃபயூமின் பழைய ஊரான டெப்டூனிஸில் கிடைத்த சில படங்களை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள் 2015இல் வெளியிட்ட செய்தி எனக்குப் பெரும் வியப்பு. வண்ணம் பூசுமுன் போட்ட முதல் கோடுகளிலும் சாம்பல் நிறத்திலும், நீலமாகவே தெரியாதபடி, எகிப்திய நீலம் என்ற செயற்கை நிறப்பொடியைக் கலந்திருக்கிறார்கள்.

உயிரோடு இருந்தபோது உட்காரவைத்து வரைந்தார்களா, இறந்தபிறகா என்பது இன்னும் தீராத விவாதம். முனிச்சில் உள்ள ஒரு சிறுவனின் மம்மியை ஸ்கேன் செய்து, மண்டையோட்டிலிருந்து முகத்தைக் கணினியில் உருவாக்கி 2020இல் வெளியிட்டார்கள். பிள்ளைக்கு மூன்று நான்கு வயதுதான். ஜாடை படத்தோடு நன்றாகவே பொருந்தியது; ஓவியர் மட்டும் பையனைச் சற்றுப் பெரியவனாகக் காட்டியிருக்கிறார்.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1887 வாக்கில் ருபாயாத் என்ற இடத்தில் ஊர்க்காரர்கள் தோண்டியெடுத்த படங்களை வியன்னாவின் கலைப்பொருள் வியாபாரி தியோடர் கிராஃப் மொத்தமாக வாங்கினார். ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தார், விற்றார். இவையெல்லாம் ரோமருக்கு முன் எகிப்தை ஆண்ட, கிளியோபாட்ராவின் டாலமி வம்சத்து முகங்கள் என்ற பேச்சும் அப்போது கிளம்பியது. பலகைகள் உடலை விட்டுப் பிரிந்து வந்தவை. யார், எந்தக் கல்லறை, கூடப் புதைத்தது என்ன என்று எதையும் இனி மீட்க வழியில்லை. அருங்காட்சியகங்களில் 'ஒரு பெண்', 'தாடி வைத்த ஆண்' என்றே அட்டை எழுதி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முகத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்த வேலை என்றுதான் இதைச் சொல்வேன்.

அதனால்தான் அதே ஃபயூமின் ஹவாராவில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி தோண்டியது பெரிய விஷயமாகப் படுகிறது. அவர் 1888இல் எடுத்த அர்டெமிடோரஸின் மம்மி, செந்நிற உறையோடும் படத்தோடும், கிரேக்கத்தில் எழுதிய 'அர்டெமிடோரஸ், போய் வா' என்ற வரியோடும் பிரிட்டிஷ் மியூசியத்தில் முழுசாக இருக்கிறது. 1911இல் கிடைத்தவள் ஹெர்மியோனே. பெயருக்குப் பக்கத்தில், படித்தவள் அல்லது எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் எழுதியிருந்தார்கள். பெண்கள் படிக்கும் கல்லூரியில்தான் அவள் இருக்க வேண்டும் என்று விரும்பி கேம்பிரிட்ஜில் அப்போது பெண்களுக்கு மட்டுமாயிருந்த கர்ட்டன் கல்லூரிக்கு அனுப்பினார் பீட்ரி. இன்றும் அங்கேதான் இருக்கிறாள். ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் அவளுடையதைத் தேடிப் பாருங்கள்.