ஜிகினாவுக்கு நடுவே முகம் தொலைகிறது

கேள்வி: தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு ஸ்கிராப்புக் (படங்களை வைத்து அலங்கரிக்கும் ஆல்பம்) ஒன்று செய்கிறேன். 1950, 60களில் ஸ்டூடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் முப்பது இருக்கின்றன. இரண்டு பக்கம் முடித்துப் பார்த்தேன். ஜிகினாதான் கண்ணில் படுகிறது. வெள்ளை அட்டையில் வைத்த படமோ அழுக்காகத் தெரிகிறது. பாட்டியின் கல்யாணப் புடவைக் கரையையும் ஒட்ட ஆசை. சில படங்கள் பசை ஆல்பத்தை விட்டு வரவே மாட்டேன் என்கின்றன. – வாசகி, கும்பகோணம்

பதில்: படத்தில் அழுக்கு இல்லை, அம்மா. அறுபது வருடத்தில் அதன் வெள்ளை சந்தன நிறத்துக்கு இறங்கியிருக்கும். பக்கத்திலேயே பளீர் வெள்ளை அட்டை இருந்தால் அந்தப் பழுப்பு எடுப்பாகத் தெரியத்தான் செய்யும். படத்தைச் சுற்றி 3 மி.மீ. மட்டும் தெரிகிற மாதிரி சந்தன நிற அட்டை, அதற்கு வெளியே 8 மி.மீ. அளவுக்கு அரக்கு அல்லது கரும்பச்சை வையுங்கள். முகம் தெளிந்து வரும். 12 அங்குலப் பக்கத்தில் மூன்று படத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் ஒன்று பெரிதாக இருக்கட்டும். முடித்ததும் பக்கத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முதலில் முகம் தெரியாவிட்டால் அலங்காரத்தில் ஒன்றை எடுத்துவிடுங்கள். பூப்போட்ட காகிதத்துக்குப் பதில், அரக்குத் தாளின் ஒரு மூலையில் மட்டும் வெள்ளை பிக்மென்ட் (நிறமி மை) பேனாவால் சிக்குக் கோலம் ஒன்று போடுங்கள். போதும்.

அசல் படத்தில் எந்தப் பசையும் படக் கூடாது. செல்லோ டேப்பின் பசை நாளாக நாளாகப் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கும். வெள்ளைப் பசையின் ஈரத்தில் படம் நெளியும். நான்கு முனைகளையும் போட்டோ கார்னரில் (படத்தின் மூலையைப் பிடிக்கும் சிறு முக்கோண உறை) செருகுங்கள், வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். தாளும் கார்னரும் 'ஆசிட் ஃப்ரீ' (அமிலம் இல்லாதது) என்று போட்டதாகவே வாங்குங்கள். வெட்டி ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, பளபளப்பில்லாத மேட் தாளில் பிரின்ட் எடுத்து அதை வெட்டுங்கள். அசலின் பல்பல்லான ஓரத்திலும் மூலையில் அழுத்திய ஸ்டூடியோ முத்திரையிலும் கத்தரி படவே வேண்டாம். எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லப்போவது அவைதாம்.

புடவைக் கரை விஷயம் யோசிக்க வேண்டியது. ஜரிகை உலோக இழை. எதிர்ப்பக்கப் படத்தில் உரசினால் கீறும். ஈரம் பட்டால் பட்டின் சாயமும் ஊறலாம். கரையை ஸ்கேன் செய்து அச்சிட்ட பட்டையே பாதுகாப்பு. நிஜக் கரைதான் வேண்டுமென்றால் படமே இல்லாத முதல் பக்கத்தில் வைத்து, மேலே ஆசிட் ஃப்ரீ டிஷ்யூ தாள் போடுங்கள். காய்ந்த பூ, குங்குமம், ஸ்டேப்ளர் பின் மூன்றும் வேண்டாம்: கறை, கறை, துரு.

பசை ஆல்பத்துக்கு வாசனை சேர்க்காத டென்டல் ஃபிளாஸ் ஒரு முழம் எடுங்கள். படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, இரு கையாலும் ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுங்கள். படத்தை வளைக்காதீர்கள்; மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு வெடித்துவிடும். அசையவில்லையா, படத்தைச் சுற்றி ஆல்பத் தாளையே வெட்டி எடுத்து அப்படியே கார்னரில் வையுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படம் இருந்தால் உரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

ஒட்டுவதற்கு முன் தாத்தாவிடம் உட்கார்ந்து, யார் யார், எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அந்த அழுத்தம் முன்பக்கம் கன்னத்தில் கோடாக எழும்பும். மென்மையான 6பி பென்சிலால், ஓரத்தில், மெதுவாக எழுதுங்கள்.