கேஸை மறைக்க வேண்டாம், முறையாக முடியுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான், கல்லூரியில் சேர்ந்த புதிதில் நடந்த ஒரு அடிதடியில் அவன் பெயரும் எஃப்ஐஆரில் ஏறிவிட்டது, படிவத்தில் அதை எழுதாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். எப்படியும் போலீஸ் வெரிஃபிகேஷனில் அது தெரிந்துவிடும். அப்போது கேஸோடு மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தால்கூட வேலை தரும் நிர்வாகம் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த முடிவு நிர்வாகத்தின் கையில். அதை நம்பி இறங்கக் கூடாது.

முதலில் ஒன்று பாருங்கள். சம்பவத்தன்று அவனுக்கு 18 முடிந்திருந்ததா? முடியவில்லை என்றால், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு அவனுக்குத் துணை நிற்கும். அந்த வயது வழக்கு பொதுவாக வேலைக்குத் தடையாகக் கூடாது.

முடிந்திருந்தால், கேஸ் எப்படி முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தகைய தகராறுகளில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (அடித்துக் காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) மூன்றையும் சேர்த்தே போடுவது வழக்கமாக இருந்தது. எதிர்த்தரப்போடு ராஜியாகிவிட்டால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். போதாது. 294(பி) சமரசத்தில் முடிக்கக்கூடிய பிரிவு அல்ல. எஃப்ஐஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாகியோ, சந்தேகத்தின் பலனிலோ விடுதலையானால் அதுவும் சிக்கல். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(பி) அப்படி விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது. தண்டனையே பெறாத பிள்ளைக்கு இது பெரிய அநியாயம் என்பேன். ஆனாலும் விதி இருக்கும்வரை அதற்கேற்றபடிதான் நடக்க வேண்டும். வெரிஃபிகேஷன் வரும்போது கேஸ் நிலுவையில் இருந்தால், பிறகு கௌரவமாக, அதாவது குற்றமற்றவன் என்றே, விடுதலையானாலும் அடுத்த தேர்வில்தான் கலந்துகொள்ள முடியும். அதனால் கோச்சிங் சென்டருக்குக் கட்டும் பணத்துக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள்.

தனியார் கம்பெனிகளில் இவ்வளவு கெடுபிடி எல்லா இடத்திலும் இல்லை. நேரடியாகக் கேட்டால், என்ன நடந்தது, கேஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டே வரியில் அவன் சொல்லட்டும். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, நீதிமன்ற உத்தரவு எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள். அப்புறம், இதையே சொல்லி வீட்டில் அவனைத் தினமும் குத்திக்காட்டாதீர்கள். அவன் படிக்கட்டும்.