அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் வளர்ந்த அனுபவம் எப்படி இருந்தது?

நான் வளர்ந்தது கார்னிங்கில். நியூயார்க் மாநிலம்தான், ஆனால் நியூயார்க் நகரத்திலிருந்து காரில் ஐந்து மணி நேரம் போக வேண்டும். பென்சில்வேனியா எல்லைக்கு மிகப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே, ஷெமங் ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற ஊர். மொத்த ஜனத்தொகையே பத்துப் பன்னிரண்டாயிரம் இருந்தால் அதிகம். 1984 ஜனவரியில் அம்மாவோடு போய் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. அப்பாவுக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். பீங்கானுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவர், அதையே மேலே படிக்க ஆல்ஃப்ரட் பல்கலைக்கழகத்துக்கு வந்து, படிப்பு முடிந்ததும் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த இந்த ஊரிலேயே கண்ணாடி வேலையில் சேர்ந்துவிட்டார்.

ஊரின் பிழைப்பே கண்ணாடிதான். 1868ல் புரூக்ளினிலிருந்து ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இங்கே குடிபெயர்ந்தது, அதிலிருந்து எல்லாம் தொடங்கியது. எடிசனின் மின்விளக்குக்கு ஊதிய குடுவை, சமையலறையில் சூடு தாங்குகிற பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம், 1970ல் இன்றைய இணையத்துக்கெல்லாம் அடிப்படையான ஒளியிழை, எல்லாம் இங்கே பிறந்தவை. தெர்மாமீட்டர் குழாயை மேலிருந்து கீழாக இழுப்பதற்காகக் கட்டிய வெள்ளைக் கோபுரம் ஒன்று, கிட்டத்தட்ட 190 அடி உயரம், ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். வழி தவறினால் அந்தக் கோபுரத்தைப் பார்த்து நட, வீடு வந்துவிடும் என்பதுதான் அப்பா எனக்குச் சொல்லித் தந்த ஒரே வழி.

பள்ளியிலிருந்து எங்களைக் கண்ணாடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே கலிபோர்னியாவின் பாலோமார் மலைத் தொலைநோக்கிக்கு ஆடி செய்வதற்காக 1934 மார்ச்சில் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டு இருக்கிறது. உருப்படாமல் போன வட்டு அது. அச்சுக்குள் பொருத்தியிருந்த செங்கல் கட்டிகள் சூட்டில் பிடி விட்டு, உருகிய கண்ணாடிக்கு மேலே மிதந்து வந்துவிட்டன. டிசம்பரில் மறுபடியும் வார்த்தார்கள், அது சரியாக வந்தது. அதைப் பல மாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 1935 ஜூலையில், ஆறு பெருகி வந்து சூளை வரைக்கும் மிரட்டியது. அதையும் தாண்டி 1936ல் அந்த வட்டு ரயிலேறிக் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தது. தோற்றுப்போன முதல் வட்டை உடைத்துப் போடாமல், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறார்களே, அது எனக்கு அந்த வயதிலேயே பிடித்திருந்தது.

ஆனால் ஊரார் பேச்சில் அதிகம் வருவது கண்ணாடி இல்லை, வெள்ளம். 1972 ஜூன் 23, ஆக்னஸ் புயல் மழையில் விடியற்காலை நேரத்தில் கரை தாண்டி ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் 18 பேர் இறந்தார்கள். அருங்காட்சியகத்துக்குள் ஐந்து அடிக்கு மேல் தண்ணீர், நனைந்த புத்தகங்கள் அழுகாமல் இருக்க அவற்றை உறைய வைத்துக் காப்பாற்றினார்கள். நாங்கள் போனது பன்னிரண்டு வருஷம் கழித்து. அப்போதும் எதைச் சொன்னாலும் 'வெள்ளத்துக்கு முன்னே', 'வெள்ளத்துக்கு அப்புறம்' என்றுதான் கணக்கு.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். அம்மா அவரைத் தமிழிலேயே 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடுவாள், அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். அம்மா வேலை தேடி அலைந்த நாட்களில் பள்ளி விட்டதும் நான் அவர் வீட்டில்தான் இருப்பேன். ஒருநாள் கோட்டு மாட்டுகிற அலமாரியின் கதவைத் திறந்து, தொங்கிய துணிகளை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி, உள்சுவரைக் காட்டினார். என் தலைக்கு மேலே அரை அடி உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சுவரே வேறு நிறம், விரலால் தடவினால் பொடி ஒட்டியது. வீடு முழுக்கப் புதிதாக வண்ணம் அடித்தபோது இந்த ஒரு சுவரை மட்டும் அடிக்க விடவில்லையாம். 'மறந்துட்டா அடுத்த தடவை ஆத்தை நம்பிடுவோம் கண்ணு' என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார், என் ஆங்கிலம் அப்போது அவ்வளவுதான். அதற்கப்புறம் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நிற்பேன், பென்சிலால் கோடு போடுவார். பத்து வயதில் வெள்ளத்தைத் தாண்டினேன்.

சின்ன ஊர் என்றாலே எல்லோரும் அன்பாகத்தான் இருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் பெயரைச் சொல்ல வராமல் வகுப்பில் பாதியாக வெட்டினார்கள், அந்தப் பாதிப் பெயரோடு பன்னிரண்டு வருஷம் இருந்தேன், அது இன்னும் வலிக்கிறது. தமிழ் பேச வீட்டைத் தவிர வேறு இடமில்லை. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, போக ஐந்து மணி நேரம், புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். கோயில் வாசலில் முகம் தெரியாத ஒரு மாமி 'சாப்பிட்டியாம்மா?' என்று கேட்டால் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும்.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் சுற்றுக் கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் நிதி திரட்டுவதற்காகக் கரி அடுப்பில் கோழி வாட்டி விற்பார்கள், ஊரே திரண்டு போகும். நாங்கள் சைவம். முதல் வருஷம் அம்மா ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்ததைப் பரிமாறுகிற ஒரு பெண்மணி பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம் நாங்கள் வரிசைக்கு வருவதற்கு முன்பே உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் சோளமும் மூன்று தட்டில் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார். கோழி எடுத்த இடுக்கி அதில் படவில்லை என்று அவராகவே சொன்னார். அம்மா இன்றைக்கும் அந்த இடுக்கியைப் பற்றிப் பேசுவாள்.

நான் கல்லூரிக்குக் கிளம்பிய வருஷம் பாட்டி வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனார். போவதற்கு முந்தின நாள் ஒரு பைரெக்ஸ் அளவுக் கோப்பையை அம்மாவிடம் கொடுத்தார். வெள்ளம் வடிந்ததும் தோட்டத்துச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தாராம், யார் வீட்டுடையது என்று கடைசி வரை தெரியவில்லையாம். சிவப்பு எழுத்து பாதி அழிந்துவிட்டது, அளவுக் கோடுகளில் மேலே இருக்கிற இரண்டு மட்டும்தான் தெரியும், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு கீறல். அம்மாவும் அப்பாவும் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அம்மா தினமும் அரிசி அளப்பது அந்தக் கோப்பையில்தான், ஒரு கோப்பை அரிசிக்கு இரண்டரை தண்ணீர்.