சேவரை மாற்றுவதற்கு முன் அந்த ஒரு வரியை மாற்றுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறேன். சி மொழியில் எழுதிய எங்கள் செய்நிரலில் ஒரு சின்ன ஃபங்ஷன், 'டிஇசட்' என்ற சூழல் மாறியை (எந்த நேர வலயத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று செய்நிரலுக்குச் சொல்லும் குறிப்பை) கொழும்பு நேரத்துக்கு வைக்கிறது. அந்த ஃபங்ஷனை இத்துடன் அனுப்புகிறேன். என் லப்டொப்பில் பிழையே இல்லை. வெளிநாட்டு சேவரில் மட்டும் சில பற்றுச்சீட்டுகளில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு விழுகிறது. சேவரை எடுத்துத் தந்தவர், "இலங்கை நேரத்தில் ஓடும் சேவர் தருகிறேன், மாதக் காசு கொஞ்சம் கூடும்" என்கிறார். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். பிழை சேவரில் இல்லை, நீங்கள் அனுப்பிய ஃபங்ஷனில் இருக்கிறது. அதற்குள் ஓர் எழுத்து அணியை (எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடத்தை) அறிவித்து, அதில் நேர வலயத்தை எழுதி, சூழல் மாறியை வைக்கும் 'புட்என்வ்' ஃபங்ஷனிடம் கொடுத்திருக்கிறீர்கள். புட்என்வ் அந்த எழுத்துகளைப் பிரதி எடுப்பதில்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் குறித்துவைக்கும். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடும். வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்தது போலத்தான்: கடிதம் போகும், நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். முதல் சில பற்றுச்சீட்டுகள் சரியாக வருவது, அந்த இடத்தில் இன்னும் யாரும் எழுதவில்லை என்பதால்.

அப்படியானால் லப்டொப்பில் ஏன் பிழை தெரியவில்லை? அங்கேயும் மாறி கெட்டுத்தான் போகிறது. ஆனால் மாறி கிடைக்காவிட்டால் கணினி தன் சொந்த நேர வலயத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் லப்டொப்பின் வலயமே கொழும்புதான், சேவருடையது யுடிசி, அதாவது கொழும்புக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னுள்ள உலகப் பொது நேரம்.

புட்என்வை விட்டுவிட்டு 'செட்என்வ்' பயன்படுத்துங்கள். அது பெயரையும் பெறுமதியையும் தனித்தனியாக வாங்கித் தானே பிரதி எடுத்துக்கொள்ளும். பெறுமதியாக ஏசியா/கொலம்போ என்பதை ஆங்கிலத்தில் கொடுங்கள். ஐந்தரை மணி என்று எண்ணாக எழுதிக் கொடுக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். 1996 மே மாதம் எங்கள் கடிகாரம் யுடிசிக்கு ஆறரை மணித்தியாலம் முன்னுக்குப் போய், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறுக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. எண்ணாகக் கொடுத்தால் அந்தக் காலத்துப் பதிவுகளெல்லாம் பிழையாகிவிடும்.

செட்என்வின் மூன்றாவது இடத்தில் 1 போடுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். 1 என்றால் பழைய பெறுமதி இருந்தாலும் அழித்து எழுது என்று பொருள். 0 என்றால், ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதைத் தொடாதே. சேவரின் தொடக்கக் கோப்பில் யாரோ யுடிசி என்று வைத்திருந்து நீங்கள் 0 கொடுத்தால் எதுவும் மாறாது. அதைவிட மோசம், ஃபங்ஷன் 'வெற்றி' என்றே திருப்பிச் சொல்லும். விடையைச் சோதித்தாலும் பிடிபடாது. 0 வீண் என்று சொல்லவில்லை. பாவனையாளர் தானே வைத்த விருப்பத்தை மதித்து, அவர் வைக்காதபோது மட்டும் உங்களுடையது செல்ல வேண்டும் என்றால் 0 தான் சரி. பற்றுச்சீட்டு நேரம் யாருடைய விருப்பமும் அல்ல. 1 போடுங்கள், விடை பூச்சியமா (பூச்சியம் என்றால் வெற்றி) என்று பாருங்கள், உடனே புது வலயத்தை வாசிக்கச் சொல்லும் 'டிஇசட்செட்' ஐயும் அழையுங்கள். இதெல்லாம் மெயின் (செய்நிரல் முதலில் ஓடும் ஃபங்ஷன்) தொடக்கத்திலேயே, த்ரெட் (பக்கத்தில் ஓடும் கிளை வேலை) எதுவும் தொடங்குமுன் முடிய வேண்டும்.

கம்பைலர் 'செட்என்வ் தெரியாது' என்று முணுமுணுத்தால் பயப்படாதீர்கள். சி மொழித் தரத்தில் மாறியை வாசிக்க 'கெட்என்வ்' 1989இலிருந்தே இருக்கிறது, வைக்க ஒன்றும் இல்லை! செட்என்வைத் தந்தது யுனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகளுக்கான 2001 பொசிக்ஸ் தரம். கம்பைலர் கட்டளையில் சி99 தரம் மட்டும் என்று கண்டிப்பாகக் கொடுத்திருந்தால் அதை ஜிஎன்யு99 (பொசிக்ஸையும் அனுமதிக்கும் சி99) ஆக்குங்கள், போதும். இதைச் சொல்லித்தர வேண்டிய வகுப்புகளில் சில இன்னும் 1987இல் வந்த டேர்போ சியைக் கட்டி அழுகின்றன. அதில் புட்என்வ் மட்டும்தான் உண்டு. பிள்ளைகள் அதையே பழகி வருகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பிராஜெக்ட் செய்து கொடுப்பவர்களும் அதே துண்டைத்தான் ஒட்டுகிறார்கள்.

உங்கள் சேவர்க்காரருக்கு வருகிறேன். 'இலங்கை நேர சேவர்' என்று தனிச் சரக்கு எதுவும் கிடையாது. எந்த லினக்ஸ் சேவரிலும் நேர வலயத்தை ஒரு கட்டளையில் மாற்றலாம், அதற்கு மாதக் காசு கேட்பது அநியாயம். அவர் மாற்றிக் கொடுத்தால் பற்றுச்சீட்டு சரியாகத்தான் வரும், உங்கள் லப்டொப்பில் வந்தது போல. பிழை உள்ளே ஒளிந்திருக்கும். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சேவரில் நேர வலயக் கோப்புகள் இருக்கின்றனவா? சிக்கனமாக அமைத்த சேவர்களில் அவை இருக்காது. அப்போது எல்லாப் பற்றுச்சீட்டுகளும் சத்தமில்லாமல் யுடிசிக்குப் போய்விடும்.

திருத்தியபின், லப்டொப்பின் நேர வலயத்தையே யுடிசிக்கு மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் நிறையப் பற்றுச்சீட்டுகள் அடியுங்கள்.