“இதுக்கு எத்தனை ஸ்டார்?”

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. அவனைப் படிக்க உட்கார வைப்பதே தினமும் பெரும்பாடு. விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தால் தானாகப் படிப்பான் என்று எல்லோரும் சொன்னதால் சுவரில் ஸ்டார் அட்டவணை ஒட்டினேன், வாய்ப்பாட்டுக்கு ஒரு செயலி போட்டுக்கொடுத்தேன், படம் போட்ட அட்டைகள் வாங்கினேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. இப்போது புத்தகத்தைத் திறக்கும் முன்பே “இதுக்கு எத்தனை ஸ்டார்?” என்று கேட்கிறான். நானும் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன். தினமும் புதுசாக ஒரு விளையாட்டு யோசிக்கத் தெம்பில்லை. என்னதான் செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் மகன் கேட்பதில் தப்பே இல்லை. படிப்புக்குக் கூலி உண்டு என்று நாம்தான் சொன்னோம், அவன் கூலி எவ்வளவு என்று விசாரிக்கிறான், அவ்வளவுதான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்புறம் சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, முன்கூட்டியே வாக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆகவே சிக்கல் பரிசில் இல்லை, முன்கூட்டியே பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அட்டவணையைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுங்கள், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பரவாயில்லை. (பல் தேய்க்க, பையை எடுத்து வைக்க ஸ்டார் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதிலெல்லாம் கெட்டுப்போக ஆர்வம் என்று எதுவும் கிடையாது.)

செயலி விஷயத்துக்கு வருகிறேன். எந்த விளையாட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இதிலிருந்து பாடத்தை எடுத்துவிட்டால் விளையாட்டு அப்படியே நிற்குமா? ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தொட்டால் ராக்கெட் பறக்கிறது. அந்த இடத்தில் தலைநகரங்களைப் போட்டாலும் அதே ராக்கெட்தான் பறக்கும். பையன் ராக்கெட்டுக்காக உட்கார்ந்திருக்கிறான், வாய்ப்பாடு அவனுக்கு வழியில் நிற்கும் சுங்கச்சாவடி.

பாடமே விளையாட்டின் உள்ளே இருந்தால் கதை வேறு. ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு ஒரே வரிசையில் கட்டங்கள் போட்ட பலகை. ஒரு குழுவுக்குக் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள், இன்னொரு குழுவுக்கு வெறும் வண்ணங்கள். இரண்டு வாரத்தில் கால் மணி நேரம் வீதம் நான்கு முறைதான் விளையாடினார்கள். எண் பலகையில் காய் நகர்த்திய குழந்தைகளுக்கு எண்களைப் பற்றிய புரிதல் தெளிவாகக் கூடியது, வண்ணப் பலகைக் குழந்தைகளுக்கு அப்படி நடக்கவில்லை.

உங்கள் பையன் வயதுக்கு ஒன்று சொல்கிறேன், செலவே இல்லை. 21 கற்களோ பட்டன்களோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு முறை, ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவர் ஜெயித்தார். நீங்கள் முதலில் ஒன்றை எடுத்து 20 மிச்சம் வையுங்கள், அப்புறம் அவன் ஒன்று எடுத்தால் நீங்கள் மூன்று, அவன் இரண்டு என்றால் நீங்களும் இரண்டு. தோற்கவே மாட்டீர்கள். ஆனால் ரகசியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள், கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் கோபப்படுவான், ஏமாற்றுகிறாய் என்பான். பிறகு ஒரு நாள், தன் முறை வரும்போது நான்கு கல் மிச்சம் இருந்தால் தோல்வி நிச்சயம் என்று பிடித்துவிடுவான். அதற்கு முன்னால் எட்டு. அதற்கு முன்னால் பன்னிரண்டு. நாலாம் வாய்ப்பாட்டை யாரும் ஒப்பிக்கச் சொல்லாமலேயே, ஆட்டத்தின் முடிவிலிருந்து பின்னோக்கிப் போய்ச் சொல்லிக்கொண்டு வருவான். அந்த நேரம் பார்த்து “இனி நான்கு வரைக்கும் எடுக்கலாம்” என்று விதியை மாற்றுங்கள். ஐந்தாம் வாய்ப்பாட்டுக்குத் தாவுகிறானா பாருங்கள். 22 கல்லாக்கினால் முதலில் எத்தனை எடுப்பது என்று யோசிக்கும்போது, மீதி வரும் வகுத்தலையும் போட ஆரம்பித்துவிடுவான்.

இதையே தினமும் ஆடலாம். புதுசு புதுசாக வேண்டும் என்பது பெரியவர்களுக்கு வரும் சலிப்புதான், குழந்தைகள் ஒரே ஆட்டத்தை அலுக்காமல் ஆடுவார்கள். எனவே யோசிக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

கணக்கல்லாத பாடங்களுக்கு அவனை வாத்தியாராக்குங்கள். படித்த பாடத்திலிருந்து ஐந்து கேள்வி அவன் எழுதட்டும், நீங்கள் பதில் எழுதுங்கள், வேண்டுமென்றே இரண்டைத் தப்பாக. சிவப்பு பேனாவை அவனிடம் கொடுத்துவிடுங்கள், புத்தகத்தை மட்டும் மூடி வைக்கச் சொல்லுங்கள். ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவருவதுதான் ஒரு வாரம் கழித்தும் மனதில் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தார்கள். அம்மாவின் தப்பைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் தனி. தப்பு ரொம்ப அசட்டுத்தனமாக இருக்க வேண்டாம், வேண்டுமென்றே செய்தது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாங்கிய அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கேள்விகளை அதில் எழுதச் சொல்லலாம்.

கையெழுத்துப் பயிற்சி, எழுத்துப் பிழை திருத்துவது போன்றவற்றைச் சுவாரசியமாக்க மெனக்கெட வேண்டாம். அது போரடிக்கும் வேலைதான் என்று அவனிடமே ஒப்புக்கொள்ளுங்கள், “பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம்” என்று பக்கத்தில் உட்காருங்கள், பத்தாவது நிமிடம் பாதி வரியில் இருந்தாலும் நோட்டை மூடிவிடுங்கள். நீங்களே தளர்ந்து வரும் நாட்களில் அந்தப் பத்து நிமிடம் மட்டும் போதும்.